220 அல்ல, 79

நியூட்ரினோ (எதன் மீதும் அநேகமாக மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள்) என்று எழுதினாலே கமெண்டில் தேனி நியூட்ரினோ ஆய்வகம் வந்துவிடும். அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடலாம். இது தென்துருவத்துக் கதை.

2023 பிப்ரவரியில், சிசிலி பக்கம் மத்தியதரைக் கடலுக்கு அடியில் இருக்கும் கேஎம்3நெட் கருவியில் ஒரு நியூட்ரினோ சிக்கியது. ஆற்றல் சுமார் 220 பீட்டா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). 2025இல் அறிவித்ததும் யூடியூப் முழுக்க "பேய்த் துகள்" தம்ப்நெயில்தான். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் வந்தது ஒன்றே ஒன்று. எங்கிருந்து வந்தது என்று அறிவித்தவர்களாலேயே கைகாட்ட முடியவில்லை.

என்னைக் கேட்டால், 2022இல் ஐஸ்கியூப் சொன்ன 79தான் பெரிய செய்தி.

ஐஸ்கியூப் என்பதும் ஒரு நியூட்ரினோ கருவிதான்: தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டி. வெந்நீரைப் பீய்ச்சி இரண்டரை கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, ஒளியை உணரும் 60 கண்ணாடி உருண்டைகள் கோத்த கேபிளை உள்ளே இறக்கினார்கள். ஒவ்வொன்றும் கூடைப்பந்தைவிடச் சற்றுப் பெரிது. தண்ணீர் திரும்ப உறைந்ததும் உருண்டை அங்கேயே மாட்டிக்கொள்ளும். கெட்டுப்போனால் வெளியே எடுத்து ரிப்பேர் பார்க்க வழியில்லை. இப்படி 86 துளைகள், 5160 உருண்டைகள்.

பனிக்குள் ஒளி கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். எப்போதாவது ஒரு நியூட்ரினோ மோதிப் பிறக்கும் மியூவான் என்ற மின்னூட்டத் துகள் அந்த ஒளியையும் முந்தி ஓடும்போது நீல ஒளி சிந்தும். எந்த உருண்டை முதலில் பார்த்தது, எது அடுத்தது என்று நானோவினாடிக் கணக்கில் கோத்துப் பார்த்தால் வந்த திசை கிடைத்துவிடும். (எந்தப் பேய் வந்த வழியைச் சொல்லிவிட்டுப் போகிறது?)

ஒன்பது வருஷத்தில் சேர்ந்தவை சுமார் 6.7 லட்சம். அநேகமாக எல்லாமே நம் காற்றுமண்டலத்தில் பிறந்த உள்ளூர்ச் சரக்கு. அதைச் சலித்த பிறகு, என்ஜிசி 1068 என்ற விண்மீன் மண்டலத்தின் திசையில் மட்டும் சுமார் 79 கூடுதலாக நின்றன. மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை!

4.7 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் அந்த மண்டலத்தின் நடுவே, தூசிக்கும் வாயுவுக்கும் பின்னால் ஒரு கருந்துளை ஒளிந்திருக்கிறது. அங்கே பிறக்கும் உயர் ஆற்றல் காமா கதிர் அங்கேயே தீர்ந்துபோகிறது. புரோட்டான் தப்பி வந்தாலும் வழியிலுள்ள காந்தப்புலங்கள் அதை வளைத்துவிடும். அந்தப் புரோட்டான்கள் மோதிப் பிறந்த நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை, அதனால் நேராக இங்கே வந்து சேர்கிறது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. இவ்வளவுக்கும் பிறகு அந்தக் குழு "கண்டுபிடிப்பு" என்று எழுதவில்லை. 4.2 சிக்மாதான் (தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு), கண்டுபிடிப்பு என்று சொல்லத் தேவையான ஐந்தைத் தொடவில்லை என்று கட்டுரைத் தலைப்பிலேயே "சான்று" என்று போட்டு நிறுத்திக்கொண்டார்கள்.