“செஞ்சு வெச்ச குரூப்”னு சொல்லிட்டா பாட்டு கேக்க வேணாமா?

எத்தன வருஷமா இத கேட்டுட்டு இருக்கேன். ஸ்பைஸ் கேர்ள்ஸ், தொண்ணூறுகள்ல இங்கிலாந்துலருந்து வந்த அஞ்சு பொண்ணுங்க பாட்டு குரூப், அவங்க பேச்சு எடுத்தாலே போதும், ஆபீஸ் கேன்டீனோ கல்யாண வீடோ ஃபேமிலி வாட்ஸப் குரூப்போ, எங்கயாச்சும் ஒருத்தர் ரெடியா இருப்பாரு. “அதெல்லாம் பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஆள் புடிச்சு செஞ்சு வெச்ச குரூப்புங்க.” அவ்ளோதான், தீர்ப்பு சொல்லியாச்சு, அதுக்கு மேல பாட்டப் பத்தி பேச்சே கிடையாது. முதல் ஆல்பத்தயாவது ‘வான்னபி’ பாட்டு இருக்கேன்னு போனா போகுதுன்னு விட்டுடுவாங்க. ரெண்டாவது ஆல்பம் ‘ஸ்பைஸ்வேர்ல்ட்’ எனக்கு புடிக்கும்னு சொன்னா ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாருங்க, அந்த சிரிப்பத்தான் என்னால தாங்க முடியல.

போன மாசம் ஆபீஸ்ல எல்லாரும் வேன் புடிச்சு மகாபலிபுரம் போனோம். பாட்டு போடற முறை என்கிட்ட வந்துச்சு. நான் ‘ஸ்டாப்’ போட்டேன், அந்த ரெண்டாவது ஆல்பத்துல இருக்கறதுதான். முதல் சரணம் கூட முடியல, முன் சீட்ல இருந்த சீனியர் ஒருத்தர் ப்ளூடூத்த புடுங்கி தன் ஃபோன்ல மாட்டிக்கிட்டாரு. “இப்ப நிஜமான மியூசிக் கேளுங்க”ன்னு சொல்லிட்டு அவர் போட்டது என்ன தெரியுமா? சுப்ரீம்ஸ். அறுபதுகள்ல அமெரிக்கால மோட்டவுன்ங்கற ரெக்கார்ட் கம்பெனிக்காக பாடின பொண்ணுங்க குரூப்! எனக்கு அப்பவே வாய் வரைக்கும் வந்துடுச்சு, வேன்ல பத்து பேர் இருக்காங்களேன்னு அடக்கிக்கிட்டேன். இங்க அடக்கப் போறதில்ல.

சார், நீங்க நிறுத்தின அந்தப் பாட்டே மோட்டவுனுக்கு செஞ்ச மரியாதைதான். அந்த துள்ளற பீட், நடுவுல வெட்டி வெட்டி வர்ற பிராஸ் (ட்ரம்பெட் மாதிரி ஊதற வாத்தியங்க), பின்னாடி மத்த பொண்ணுங்க பதில் குடுக்கற மாதிரி பாடறது, எல்லாமே நீங்க அடுத்து போட்டீங்களே அந்தப் பாட்டுங்களோட வாரிசு. காது இருக்கறவங்களுக்கு பத்து செகண்ட் போதும். ஆனா உங்களுக்கு கவர் மேல இருந்த பேருதான் கேட்டுச்சு, பாட்டு கேக்கல.

அதோட நிக்கல விஷயம். “செஞ்சு வெச்சது”ன்னு யாரயாவது சொல்லணும்னா மோட்டவுன விட பொருத்தமான ஆளு உலகத்துலயே கிடையாது. பெர்ரி கோர்டி 1959ல டெட்ராய்ட்ல அந்த கம்பெனிய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கார் ஃபேக்டரில வேலை பார்த்தவரு, ஃபோர்டு கம்பெனியோட லிங்கன்-மெர்குரி கார் செய்யற இடத்துல. வெறும் இரும்பா உள்ள போனது காரா வெளிய வர்றத பார்த்துட்டு, தெருவுல இருக்கற பசங்களயும் அதே மாதிரி உள்ள கூட்டிட்டு வந்து ஸ்டாரா வெளிய அனுப்பலாம்னு யோசிச்சவரு. அவரே வெளிப்படையா சொன்ன விஷயம் இது. சுப்ரீம்ஸ் பாடின ஹிட்டெல்லாம் பெரும்பாலும் ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட்னு மூணு ஆம்பளைங்க எழுதினது. எப்படி நடக்கணும், எப்படி உக்காரணும், எப்படி மைக்க புடிக்கணும்னு சொல்லிக் குடுக்க மேக்ஸின் பவல்னு ஒரு அம்மாவ சம்பளம் குடுத்து வெச்சிருந்தாங்க. எந்தப் பாட்டு வெளிய போகணும்னு முடிவு பண்ண குவாலிட்டி கன்ட்ரோல் மீட்டிங் வேற. அதெல்லாம் இப்ப கிளாசிக், நிஜமான மியூசிக். எனக்கும் உசிரு அந்தப் பாட்டுங்கன்னா, அதுல சண்டையே இல்ல. ஆனா அதுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?

சரி, ஸ்பைஸ் கேர்ள்ஸ் கதைக்கே வருவோம், ஏன்னா “விளம்பரம் குடுத்து புடிச்சாங்க”ன்னு சொல்றவங்க எல்லாரும் அந்த ஒரு வரியோட நிறுத்திக்கறாங்க, அதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆமா, 1994ல லண்டன்ல ‘தி ஸ்டேஜ்’ பத்திரிகைல விளம்பரம் வந்துச்சு. பாப் ஹெர்பர்ட்டும் அவர் பையன் கிறிஸும் குடுத்தாங்க, நானூறு பொண்ணுங்க கிட்ட ஆடிஷனுக்கு வந்தாங்க, அஞ்சு பேர எடுத்து மெய்டன்ஹெட்ல ஒரு வீட்ல தங்க வெச்சு பாட்டும் டான்ஸும் கத்துக் குடுத்தாங்க. நடுவுல ஒருத்தி போயி எம்மா பன்டன் வந்தாங்க. இது வரைக்கும் செஞ்சது ஹெர்பர்ட் குடும்பம், ஒத்துக்கறேன். ஆனா அந்த அஞ்சு பேரும் அவங்ககிட்ட அக்ரிமென்ட்ல கையெழுத்து போடாம இழுத்தடிச்சுட்டு 1995ல வெளிய வந்துட்டாங்கய்யா! தாங்களா போயி பாட்டு எழுதறவங்கள தேடிப் புடிச்சாங்க, தாங்களா மேனேஜர தேடினாங்க, சைமன் ஃபுல்லர் வந்தது அப்புறம்தான். இருபது இருபத்தொரு வயசு பொண்ணுங்க, கைல காசு கிடையாது, உருவாக்கினவங்கள விட்டுட்டு கிளம்பறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும். எந்த பொம்மை இப்படி கடைக்காரன விட்டுட்டு நடந்து போச்சு?

‘ஸ்பைஸ்வேர்ல்ட்’ எந்த நெலமைல செஞ்சாங்கன்னும் பாருங்க. 1997 கோடை, அவங்க படம் லண்டன்ல ஷூட்டிங் ஓடிட்டு இருக்கு. ஆல்பம் நவம்பர்ல வந்தே ஆகணும். ரெக்கார்டிங் பண்ற வண்டிய ஷூட்டிங் ஸ்பாட்டுக்கே கொண்டு வந்து நிறுத்திட்டாங்க, ஷாட்டுக்கு ஷாட் நடுவுல ஓடி வந்து ஒரு வரி எழுதறது, ஒருத்தி பாடறது, அடுத்த ஷாட்டுக்கு கூப்பிட்டா திரும்ப ஓடறது. ரிச்சர்ட் ஸ்டானர்ட், மேட் ரோ ஒரு பக்கம், ஆண்டி வாட்கின்ஸ், பால் வில்சன் இன்னொரு பக்கம், இவங்க கூட உக்காந்து எழுதினது. பத்து பாட்டுலயும் எழுதினவங்க லிஸ்ட்ல அஞ்சு பேர் பேரும் இருக்கு. யாரு எத்தன வரி குடுத்தான்னு கணக்கு பார்க்காம சமமா பங்கு போட்டுக்கிட்டாங்க, அதனால குரூப்புக்குள்ள காசு சண்டை வராம பார்த்துக்கிட்டாங்க. பெரிய பெரிய ராக் பேண்டெல்லாம் எழுதின காச பங்கு போட முடியாம கோர்ட்டு வரைக்கும் போனவங்க, ஆனா அறிவு அவங்களுக்கு, இவங்களுக்கு வெறும் மேக்கப்பாம்.

நான் ஒண்ணும் கண்ண மூடிக்கிட்டு பேசல. ‘மூவ் ஓவர்’ பெப்சிக்காக செஞ்ச பாட்டு, பெப்சி விளம்பரமாவே கேக்குது, வெறும் கோஷமா கத்தறாங்க, அத தூக்கியிருக்கலாம். அந்த வருஷம் சிப்ஸ் பாக்கெட்லருந்து கேமரா வரைக்கும் எதுல எல்லாம் அவங்க மூஞ்சி இருந்துச்சுன்னு பார்த்தா யாருக்கும் சலிக்கத்தான் செய்யும். ஆனா அதே ஆல்பத்துலதான் ‘டூ மச்’ இருக்கு, வாயாலயே பின்னணி பாடற அம்பதுகளோட டூ-வாப் பாட்டுங்க மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வர்ற மெதுவான பாட்டு, ஜாஸ்தி ஆசப்பட்டாலும் கஷ்டம்தான்னு பாடறத கேட்டா இவங்க வயசு மறந்து போகும். கடைசி பாட்டு ‘தி லேடி இஸ் எ வாம்ப்’ முழுக்க பழைய கேபரே ஸ்டைல், பிக் பேண்ட் பிராஸோட. அப்புறம் ‘விவா ஃபாரெவர்’. அந்த ஸ்பானிஷ் கிட்டார் ஆரம்பிக்கறப்பவே எனக்கு மனசு என்னமோ பண்ணிடும். சத்தமே போடாம ஆரம்பிச்சு, ஒருத்தி விட்ட இடத்துலருந்து இன்னொருத்தி எடுத்து, கடைசில அஞ்சு பேர்ல ஒருத்தங்களான மெல் சியோட குரல் எல்லாத்துக்கும் மேல எழுந்து போகும், அத ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு இவங்களுக்கு பாடத் தெரியாதுன்னு சொல்லுங்க பார்ப்போம். அந்தப் பாட்டு சிங்கிளா வந்தது 1998 ஜூலைல, அதுக்கு முன்னாடியே மே கடைசில அஞ்சு பேர்ல ஒருத்தங்களான ஜெரி குரூப்ப விட்டு போயிட்டாங்க. பிரிவப் பத்தின பாட்டு, பிரிஞ்ச அப்புறம் வருது, இங்கிலாந்துல நம்பர் ஒன் ஆகுது.

ஆல்பம் வந்த அதே நவம்பர் மாசம் சைமன் ஃபுல்லர வேலைய விட்டே தூக்கிட்டாங்க. ஆமா, “எல்லாமே மேனேஜர் மூளை”ன்னு நீங்க சொல்றீங்களே அதே மேனேஜர. அப்ப பத்திரிகைங்க எல்லாம் இதோட இவங்க கதை முடிஞ்சுதுன்னு எழுதினாங்க. டிசம்பர்ல ‘டூ மச்’ கிறிஸ்துமஸ் நம்பர் ஒன், வரிசையா ஆறாவது நம்பர் ஒன். பிப்ரவரில டப்ளின்ல டூர் ஆரம்பிச்சாங்க, யாரும் விழல. மார்ச்ல ‘ஸ்டாப்’ ரெண்டாவது இடத்துக்கு வந்தப்ப மட்டும் ஆஹா சரிஞ்சுட்டாங்கன்னு சந்தோஷம். ரெண்டாவது இடம் வந்தா சரிவாம்!

எனக்கு ரத்தம் கொதிக்கறது எங்கன்னா, இதே கதை ஆம்பளைங்களுக்கு நடந்தா அது வீர காவியம். மங்கீஸ்னு அமெரிக்கால ஒரு பேண்ட், 1966ல வந்த ஒரு டிவி சீரியலுக்காக ஆடிஷன் வெச்சு சேர்த்த நாலு பேரு, விளம்பரம் குடுத்து புடிச்ச ஆளுங்கதான். அவங்களோட ரெண்டாவது ஆல்பம் 1967 ஜனவரில அவங்களுக்கே தெரியாம கடைக்கு வந்துடுச்சு, அவங்களே காசு குடுத்து வாங்கிப் பார்க்க வேண்டிய நெலம. மைக் நெஸ்மித் கோவத்துல ஹோட்டல் சுவத்த குத்தி ஓட்ட போட்டாரு, பாட்டு விஷயத்த பார்த்துக்கிட்ட டான் கிர்ஷ்னர துரத்தினாங்க, அடுத்த ஆல்பத்துல தாங்களே வாசிச்சாங்க. நல்ல விஷயம்தான், நானும் கை தட்றேன். இத இன்னிக்கு வரைக்கும் கலைஞனோட புரட்சின்னு எழுதறாங்க. அஞ்சு பொண்ணுங்க சுவத்துல ஓட்ட போடாம ஒரே முடிவுல மேனேஜர அனுப்பினா அது திமிரு, நன்றி கெட்டத்தனம். என்னங்க நியாயம் இது?

அதுலயும் நம்ம ஊர்க்காரங்க இத பேசறதுதான் எனக்கு தாங்கவே மாட்டேங்குது. தமிழ் பாட்டு எப்படிங்க வந்துச்சு நமக்கு? வாலி எழுதுவாரு, எம்எஸ்வி மெட்டு போடுவாரு, டிஎம்எஸ் பாடுவாரு, எம்ஜிஆர் வாயசைப்பாரு, காசு போட்டது இன்னொருத்தரு. ஜானகியம்மா தான் பாடின பாட்டெல்லாம் தானே எழுதினாங்களான்னு எவனாவது கேட்டிருக்கானா? கேட்டா அடிக்க வருவோம். வேலைய பிரிச்சு செஞ்சு அழ வெக்கற பாட்டு குடுக்க முடியும்னு உலகத்துலயே நல்லா தெரிஞ்ச ஜனம் நம்மதான். இங்கயே சேனல் வி 2002ல ஆடிஷன் வெச்சு ‘விவா’ன்னு அஞ்சு பொண்ணுங்கள சேர்த்துச்சு, நாலு நாள் ஆட்டம்னு அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அதுல ஒருத்தங்கதான் நேஹா பாசின், ‘சத்தம் போடாதே’ படத்துல ‘பேசுகிறேன் பேசுகிறேன்’ பாடினவங்க. மனசு உடைஞ்சு கிடக்கறப்ப அந்தப் பாட்ட போட்டுட்டு படுத்தவங்க எத்தன பேரு, அந்தக் குரல் டிவி போட்டில கண்டுபிடிச்ச குரல்தாங்க.

இன்னொரு கோவமும் இருக்கு, அதயும் கொட்டிடறேன். கேர்ள்ஸ் அலௌட், இதுவும் இங்கிலாந்து, 2002ல டிவி போட்டில எடுத்த அஞ்சு பேரு. ரெண்டாவது ஆல்பம் 2004 நவம்பர்ல வந்துச்சு, ‘வாட் வில் த நெய்பர்ஸ் சே?’ முதல் ஆல்பத்துல பல பேர் கை வெச்சிருந்தாங்க, ரெண்டாவத முழுசா பிரையன் ஹிக்கின்ஸோட செனோமேனியாங்கற பாட்டு எழுதி தயாரிக்கற டீம் கைல குடுத்தாங்க, அங்கதான் அந்த குரூப்போட நிஜ சத்தமே பொறந்துச்சு. அதுல ‘லவ் மெஷின்’னு ஒரு பாட்டு, பல்லவி எது சரணம் எதுன்னு புடிபடறதுக்குள்ள அடுத்த திருப்பத்துக்கு ஓடற பாட்டு. வந்தப்ப ராக் கேக்கற பசங்க மூக்க சுளிச்சாங்க. அப்புறம் ஆர்க்டிக் மங்கீஸ்னு ஒரு இங்கிலாந்து ராக் பேண்ட் (மேல சொன்ன மங்கீஸ் வேற) பிபிசி ரேடியோ ஒன்ல அதே பாட்ட கிட்டார் வெச்சு பாடினாங்க, உடனே என் ஃப்ரெண்டு ஒருத்தன் “செம சாங்டி, கேட்டியா”ன்னு எனக்கே அனுப்பறான். நாலு பசங்க கிட்டாரோட பாடின அப்புறம்தான் அது பாட்டா தெரிஞ்சுதாடா உனக்கு? மெட்டு அதேதான், வரி அதேதான்!

அந்த ஆல்பத்துல அஞ்சு பேருக்கும் எழுத இடம் குடுத்தாங்க. சாரா ஹார்டிங் சேர்ந்து எழுதினது ‘ஹியர் மீ அவுட்’. அவங்க சுயசரிதைக்கும் அதே பேரத்தான் வெச்சாங்க, 2021 மார்ச்ல வந்துச்சு, மார்பகப் புத்துநோயோட போராடிட்டே எழுதினது. அந்த செப்டம்பர்ல இறந்துட்டாங்க, 39 வயசு. இருபத்திரெண்டு வயசுல எழுதின ஒரு பாட்டோட பேர, உசிரு போகப் போகுதுன்னு தெரிஞ்சப்ப தன் வாழ்க்கைக்கே தலைப்பா வெச்ச ஒரு பொண்ண பார்த்து, டிவில செஞ்சு வெச்ச பொம்மைன்னு சொல்ல எப்படி வாய் வருது?

இவ்ளோ சொன்ன அப்புறமும் சில பேர் பெரிய மனசு பண்ணி “கில்ட்டி ப்ளெஷர்னு வெச்சுக்கலாம்”னு இறங்கி வருவாங்க, அதாவது புடிக்கும் ஆனா வெளிய சொல்ல வெக்கப்படணுமாம். ஸ்ட்ரீமிங் ஆப்ல தேடினாலும் இந்தப் பாட்டுங்கள அதே பேர்ல ஒரு பிளேலிஸ்ட் போட்டு அடைச்சு வெச்சிருக்கானுங்க. என்ன கில்ட்டி? யார் சொத்த நான் திருடினேன்? வேணாங்க உங்க சலுகை. பாட்டு புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லுங்க, இந்த இடத்துல மெட்டு மொக்கை, இந்த வரி வெட்டின்னு சொல்லுங்க, நான் உக்காந்து பேசறேன், ‘மூவ் ஓவர்’ விஷயத்துல உங்க பக்கமே நிக்கறேன். ஆனா கேக்காமயே ஆடிஷன் கதைய சொல்லி என் ப்ளூடூத்துல கைய வெக்கற வேலை இனிமே என்கிட்ட நடக்காது.