கொலை நடந்தது கதையில்தான், ஐயா

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் பிள்ளைகளுக்கு நடக்கும் தமிழ்க் கலைப் போட்டி விழாவான ஐஸ்டெட்ஃபட் முடிந்த கையோடு பேசினால் பரிசு கிடைக்காத வாத்தியாரம்மாவின் புலம்பல் என்பார்கள், கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டேன். நேற்று ராத்திரி குழுவில் வந்த அந்தக் குரல் பதிவைக் கேட்டதும் ஆறினதெல்லாம் மறுபடி கொதித்துவிட்டது. கேட்டவர்களுக்குத் தெரியும். கேட்காதவர்கள் தேடிப் போய்க் கேட்க வேண்டாம், காது மிச்சம்.

என் சனிக்கிழமை வகுப்பில் படிக்கும் பதினைந்து வயதுப் பெண் கதைப் போட்டிக்கு ஒரு கொலைக் கதை எழுதினாள். கோடை முகாமில் நடக்கும் கொலை. தலைப்பு கொடுத்தது போட்டிக் கமிட்டிக்காரர்களான நீங்கள்: "என் விடுமுறை". அவள் விடுமுறையைத்தான் எழுதினாள், நடுவில் ஒருவர் செத்துப்போகிறார், அவ்வளவுதான். அதற்கு மதிப்பெண்ணே போடாமல் ஒதுக்கி வைத்து, முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் "சிறுவர்க்கு ஏற்ற கரு அல்ல" என்று எழுதி, அதோடு விடாமல் அவளை மேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, அம்மாவையும் வைத்துக்கொண்டு, "வீட்டில் ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

கொலைக் கதை எழுதினால் வீட்டில் பிரச்சினை என்று அர்த்தமா? அப்படிப் பார்த்தால் துப்பறியும் கதை எழுதிப் பிழைத்தவர்கள் வீட்டுக் கொல்லையையெல்லாம் தோண்டிப் பார்க்க வேண்டும்.

அதே மேடையில், அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான், ஏழு வயதுக் குழந்தை ஒன்று கண்ணகி வேடம் போட்டுச் சிலம்பை ஓங்கி உடைத்து மதுரையை எரித்தது. நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், அழகாகச் செய்தது குழந்தை. ஆனால் அந்தக் கதையில் என்ன நடக்கிறது? ஒழுங்காக விசாரிக்காமல் ஒருவனை வெட்டிப் போடுகிறார்கள். பெண்டாட்டி வந்து தடயத்தைக் காட்டுகிறாள்: உங்கள் ராணியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம், உடைத்துப் பார் என்கிறாள். ராஜா விழுந்து சாகிறான், ராணியும் சாகிறாள், அப்புறம் ஊரே எரிகிறது. என் மாணவியின் கதையில் மொத்தமே ஒரு பிணம். அதுவும் போர்வை போர்த்தி.

சரி, நீங்கள் முழுசாகப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்கிறேன். டிசம்பர் விடுமுறை, நமக்கு அதுதானே கோடை, டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் ஒரு முகாம். போனதும் எல்லோருடைய போனையும் வாங்கி, பெயர் எழுதிய டேப் ஒட்டி, காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். முகாம் போய் வந்த பிள்ளைகளைக் கேளுங்கள், அந்த டப்பா நிஜம். அந்த மலையில் கோடைக்காலத்துப் பிற்பகல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், காலையில் வெயில் கொளுத்தும், மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும். அப்படி ஒரு மழை விட்ட பிறகு முகாம் நடத்தும் அங்கிள் ஆற்றுப் பாதையில் செத்துக் கிடக்கிறார். மழைக்கு முன்னாலேயே விறகு எடுக்கப் போனார், வழுக்கி விழுந்திருப்பார் என்று பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். கதை சொல்லும் பெண் மட்டும் ஒன்றைப் பார்க்கிறாள். முதுகெல்லாம் சேறு, ஆனால் சட்டையின் முன்பக்கம் காய்ந்திருக்கிறது. மழைக்கு முன்னால் விழுந்தவன் சட்டை எப்படிக் காய்ந்திருக்கும்?

இந்த ஒரு கேள்வியிலிருந்து கதை கிளம்புகிறது. மழை விட்ட பிறகு யார் எங்கே இருந்தார்கள்? வருகைப் பதிவு நோட்டைப் பார்த்தால் எல்லோரும் ஆஜர். ஆனால் டிக்குகள் எல்லாம் ஒரே சாய்வில், பேனாவை எடுக்காமல் மேலிருந்து கீழே இழுத்த மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் போட்ட டிக் அப்படி இருக்காது. அதாவது, அன்றைக்கு யாரும் யாரையும் கூப்பிடவே இல்லை. யார் கொன்றது என்று இங்கே சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், இருபது வருஷமாகக் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எவரும் இப்படி ஒரு நோட்டைக் கண்டுபிடித்திருக்கமாட்டோம்.

இது அவள் வானத்திலிருந்து பிடுங்கியதும் இல்லை. 2020 ஜனவரியில் இந்த நாட்டில் ஒரு பள்ளி முகாமில் பதின்மூன்று வயதுப் பையன் ஆற்றோடு போனான். அவன் இல்லை என்பதே மறுநாள்தான் தெரிந்தது. பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்போது நாம் எல்லோரும் ஒரு வாரம் பேசினோம், அப்புறம் மறந்தோம். அந்தப் பெண் மறக்கவில்லை. அதைத்தான் "ஏற்ற கரு அல்ல" என்கிறீர்கள்.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கொலையைப் பற்றி எழுதுவது வேறு, கொலையை ரசிப்பது வேறு. முகாம் என்றதும் உங்களில் சிலருக்கு எண்பதுகளின் வீடியோ கேசட் ஞாபகம் வந்திருக்கும், முகமூடி, கோடரி, ஏரிக்கரையில் அலறல். அந்தப் படங்களில் அடுத்தது யார் சாவார் என்று காத்திருப்பதுதான் வேலை. துப்பறியும் கதையில் செத்தவர் ஆரம்பத்திலேயே செத்துவிடுவார், மிச்சம் முழுவதும் யோசனை. யார் பொய் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள், அதை நான் எப்படி நிரூபிப்பது? பதினைந்து வயதில் வேறு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள்?

"கேம்ப் எல்லாம் அமெரிக்கக்காரன் பழக்கம், அதைப் பார்த்துக் காப்பி" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். ஆமாம் அக்கா, ஆரம்பம் அங்கேதான். 1861-இல் கனெக்டிகட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியதைத்தான் அங்கே முதல் முகாம் என்கிறார்கள். அவர்களுக்கு ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கோடை, பிள்ளைகளை வாரக்கணக்கில் அனுப்பிவிடுவார்கள். வீடு இல்லை, போன் இல்லை, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே குடிலில் அடுக்குக் கட்டில், பொறுப்புக்கு இருப்பவனே பத்தொன்பது வயசுப் பையன். பூட்டின பங்களாவுக்கு அப்புறம் மர்மக் கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது, அதனால்தான் பதின்ம வயதுக்காரர்களுக்கு எழுதுகிறவர்கள் அங்கேயே போய் நிற்கிறார்கள். இதில் காப்பி எங்கே? அவள் ஏரியை எடுக்கவில்லை, பைன் காட்டை எடுக்கவில்லை. நம் மழையை எடுத்தாள், அந்த மழையை வைத்தே கொலையைப் பிடித்தாள். கிரிக்கெட்டும் நாம் கண்டுபிடித்தது இல்லை.

"பார்த்துவிட்டு அதே மாதிரி செய்துவிட்டால்?" செய்யமாட்டார்கள். அடுத்தது.

"பக்க வரம்பைத் தாண்டிவிட்டாளே." தாண்டினாள். வரம்பைத் தாண்டியதற்கு மதிப்பெண் குறைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். நீங்கள் எழுதிய குறிப்பில் பக்கத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, குரல் பதிவில்தான் முதல் தடவையாகப் பக்கம் வருகிறது.

"நீதிக் கதை எழுதலாமே." எழுதலாம். ஆமையும் முயலும் ஓடி ஓடி இளைத்துவிட்டன, கொஞ்சம் உட்கார விடுங்கள்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, எங்கள் ஊரில் வாடகை நூல் நிலையத்திலிருந்து மாத நாவல் எடுத்து வருவார். எட்டாவது வரைதான் படித்தவர். அந்தப் புத்தகங்கள் கை மாறிக் கை மாறி நைந்து போயிருக்கும், பாதிக்குப் பாதி கடைசித் தாள் கிழிந்திருக்கும். கொலைகாரன் யாரென்று தெரியாது. பெரியம்மாவுக்கு அதில் வருத்தமே கிடையாது. ராத்திரி சாப்பிட்ட பிறகு எங்களை உட்கார வைத்து விசாரணை நடத்துவார். சும்மா "டிரைவர்தான்" என்று சொன்னால் விடமாட்டார், "எப்படிச் சொல்றே? எந்தப் பக்கத்துல இருக்கு?" என்பார். காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரியப்பாவும் உட்பட. அந்த வீட்டில் வேறு எந்த விஷயத்திலும் பெரியப்பாவை வாயை மூடச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்ததில்லை. பின்னால் பெரியப்பா செத்து, சித்தப்பாமார் பத்திரத்தை நீட்டி இங்கே கையெழுத்துப் போடுங்க மதினி என்றபோது, வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை படித்துவிட்டு, "தேதி ஏன் வேற மையில இருக்கு?" என்று கேட்டார். வீடு அவருக்கு நின்றது. கொலைக் கதை படித்துக் கெட்டுப்போன பொம்பளை.

ஆகவே எனக்கு இந்தக் கதைகள் மேல் ஒரு சாய்வு உண்டு. உண்டுதான், மறைக்கவில்லை.

"குழந்தைகள் பயந்துவிடும்" என்கிறீர்களே, அதற்குத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. எந்த நாட்டில் உட்கார்ந்து இதைப் பேசுகிறோம்? 2022-23 கணக்கில் மட்டும் 27,000-க்கு மேல் கொலை. உங்கள் தெருக் காவல் குழுவில் வராத படமா, அதை அந்தப் பிள்ளைகள் பார்க்காமலா இருக்கிறார்கள்? 2021 ஜூலைக் கலவரத்தை நினைத்துப் பாருங்கள். தெரு முனையில் டயரும் கட்டையும் போட்டு ஆண்கள் ராத்திரி முழுக்க நின்றார்கள், கடையில் ரொட்டி இல்லை, எங்கிருந்தோ சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, குழந்தைகளை உள் அறையில் தரையில் படுக்க வைத்தோம். அப்போது இந்தப் பெண்ணுக்கு என்ன வயசு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கலவரத்தில் 350-க்கு மேல் செத்தார்கள், டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர். யார் செத்தார்கள், யார் கையால் செத்தார்கள் என்று நம் வீடுகளில் யாராவது பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினோமா? அவர்கள் கேட்டார்கள். என் வகுப்பிலேயே கேட்டார்கள். பாடத்தைப் பார் என்றோம், சாமி கும்பிடு என்றோம்.

ஒரு பெண் நாலு வருஷம் கழித்து ஒரு முகாமைக் கற்பனை செய்து, அங்கே ஒருவரைச் சாக வைத்து, பெரியவர்கள் எல்லோரும் "வழுக்கி விழுந்தார்" என்று சொல்லும்போது ஒருத்தியை மட்டும் "இல்லை" என்று சொல்ல வைத்தால், அது உங்களுக்கு ஏன் குத்துகிறது என்று எனக்குப் புரிகிறது. அது கருவைப் பற்றிய கவலை இல்லை.

இப்போது அந்தக் குரல் பதிவுக்கு வருகிறேன். "இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு நம் ஊர்ப் பண்பாடு தெரியாது, அவர்கள்தான் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் தூண்டிவிடுகிறார்கள்." பெயர் சொல்லவில்லை, ரொம்ப நன்றி. நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். உங்கள் முன்னோர்கள் 1860-இல், ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலில் ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் வந்தார்கள், நான் விமானத்தில் வந்தேன். கரும்புத் தோட்டத்தில் அவர்கள் பட்டதில் கால் தூசு நான் படவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோயில் கூடத்தில் நாற்காலி விரித்து, கரும்பலகை துடைத்து, வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டு, மார்கழியானாலும் காவடியானாலும் வகுப்பை விடாமல் நடத்தியது இந்த வந்தவள்தான். சம்பளம் கேட்டதில்லை. மாவிளக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த சேலையைத் தவிர எதுவும் வாங்கியதில்லை. இப்போது தூண்டிவிடுகிறேனாம்.

உங்கள் கமிட்டியில் மூத்தவர்களுக்குத் தெரியும், இதே நாட்டில் 1974-இல் சட்டம் போட்டு எந்தப் புத்தகம் படிக்கலாம், எது கூடாது என்று ஒரு கூட்டம் உட்கார்ந்து முடிவு செய்தது. அதை எதிர்த்த கதையை நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள் அங்கிள், ரொம்பப் பெருமையாகச் சொன்னீர்கள்.

இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது என்று எல்லா விழாவிலும் மைக்கைப் பிடித்துச் சொல்கிறீர்கள். இருக்கிறது, சந்தோஷம். இளைஞர்கள் தமிழ் படிப்பதில்லை என்று அதே மைக்கில் அழுகிறீர்கள். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த ஒரு பெண், அகராதியைப் புரட்டிப் புரட்டி, "தடயம்" என்ற சொல்லுக்கு என்னிடம் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு, ஒரு நோட்டு முழுக்கத் தமிழில் எழுதியிருக்கிறாள். பிழை இருக்கிறது, ஒற்று மிகுமிடம் மிகாமல் கிடக்கிறது, "கேம்ப்" என்றே எழுதியிருக்கிறாள். இருக்கட்டுமே! நீங்கள் கேட்டது இதைத்தானே? இல்லை, நாம் எழுதிக்கொடுத்து அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் தமிழா?

போன சனிக்கிழமை அவள் வரவில்லை. அம்மா மட்டும் வந்து, "பரீட்சை இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடமே லீவு.

மறுபரிசீலனை கேட்கவில்லை, பரிசும் வேண்டாம், மன்னிப்பு உங்களால் முடியாது என்று தெரியும். அந்த நோட்டு வேண்டும். அவளிடம் வேறு பிரதி இல்லை, என் போனில் இருப்பது நாலைந்து பக்கத்துப் படம்தான். "எங்கேயோ வைத்துவிட்டோம், தேடுகிறோம்" என்று செயலாளர் பதில் போட்டிருக்கிறார். அலுவலக இரும்பு அலமாரியில், போன வருஷத்துக் கேடயங்களுக்குப் பின்னால், மற்ற ஒதுக்கப்பட்ட தாள்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள், கட்டும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சாவி யாரிடம் என்பதும் தெரியும். சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் வருகிறேன், எடுத்து வையுங்கள்.