வரவேற்பு விழா முடிந்த பிறகு

திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. புதிதாக வருகிறவர்கள், விடுமுறை முடிந்து திரும்புகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், அலுவலகத்தில் இருக்கிறவர்கள், நமக்கெல்லாம் முன்னால் வந்து வகுப்பறைகளைப் பெருக்கி வைக்கிறவர்கள், எல்லாருக்கும் என் வரவேற்பு. இதை இரண்டு வரி வாழ்த்தோடு முடிக்க மனம் வரவில்லை. பத்தொன்பது வருடமாக வகுப்பெடுக்கிறேன். மேடையில் பேசுவது அன்று மாலையே மறந்துபோகும். முதல் மூன்று வாரத்தில் எதிர்ப்படுகிற ஆட்கள்தான் ஒரு பிள்ளையைக் கல்லூரிக்குள் அழைத்துக்கொள்கிறார்கள் என்பது நான் கண்ட உண்மை.

நான் மாணவனாகச் சேர்ந்த அன்று அரங்கத்தில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. கூட்டம் கலைந்ததும் எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் மாடிப்படியில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. கேட்கக் கூச்சம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, நமக்கு மட்டும்தான் தெரியவில்லை என்ற பயம். சாவிக்கொத்தோடு இறங்கி வந்த அட்டெண்டர் அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, “முதல் வருஷமா தம்பி? வா” என்று மட்டும் சொன்னார். இறங்கிய படியெல்லாம் திரும்ப ஏறி மூன்றாவது மாடிவரை கூட வந்து கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கல்லூரி என்னை வரவேற்றது அப்போதுதான்.

போன வருடம் ஒரு பெண் அறிவிப்புப் பலகை முன் நின்று டைம்டேபிளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நாலைந்து பேர் பேசிக்கொண்டே வந்தால் ஒதுங்கிவிடுவாள். அவர்கள் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போன பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதுவாள். இப்படி மூன்று முறை. அவளுக்கும் மாடிப்படியில் நின்ற எனக்கும் இருந்தது ஒரே பயம்தான் என்று தோன்றியது.

இந்தப் பயத்தை கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்குச் சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘எங்களுக்கும் ஆரம்பத்தில் இது நமக்கான இடம் இல்லையோ என்று தோன்றியது, போகப்போகச் சரியாகிவிட்டது’ என்பதுதான் சாரம். படித்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதி, அடுத்து வரப்போகும் மாணவர்களுக்காக கேமரா முன் பேசினார்கள். மொத்தமே ஒரு மணி நேரம். அடுத்த மூன்று ஆண்டுகளில் அங்கிருந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யாரைப் பார்த்து ‘உனக்கு இங்கே என்ன வேலை’ என்று உலகம் அதிகம் கேட்டதோ, அவர்களுக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் பெரிதாக உதவியது.

சீனியர்களே, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். முதல் இன்டெர்னலில் எவ்வளவு வாங்கினீர்கள், ஹாஸ்டலில் எத்தனை ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் ஏன் தலையைக் குனிந்துகொண்டீர்கள் என்பதையெல்லாம் ஜூனியர்களிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். மிரட்டிப் பழகுவதை வரவேற்பு என்று சொல்லிக்கொள்ளும் யாரோடும் எனக்குப் பேச்சில்லை.

அப்புறம் உட்காரும் இடம். ஜெர்மனியின் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க வந்த 54 புது மாணவர்களை முதல் அமர்வில் குலுக்கல் முறையில் உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அன்று அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களும் ஒரே வரிசையில் இருந்தவர்களும்தான் மற்றவர்களைவிட நெருங்கிய நண்பர்களாகியிருந்தார்கள். இந்த ஆய்வு 2008இல் வெளியானது. இதைப் படித்ததிலிருந்து முதல் வகுப்பில் நானும் சீட்டுக் குலுக்கிப் போடுகிறேன். ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். யாரையும் தெரியாமல் தனியாக வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கிடைத்துவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மாற்றுவேன்.

திரும்பி வருகிறவர்களை நாம் வரவேற்பதே இல்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம். மூன்று அரியரோடு இரண்டாம் வருடத்துக்கு வருகிறவன் இருக்கிறான். உடம்பு சரியில்லாமலோ வீட்டு நிலைமையாலோ ஒரு வருடம் நின்றுபோய், தன்னைவிடச் சின்னவர்களோடு வந்து உட்காருகிறவள் இருக்கிறாள். இவர்களுக்கு மாலையும் கிடையாது, மேடையும் கிடையாது. ‘ஏன் விட்டாய்’ என்ற கேள்விதான் முதலில் வரும். ஆசிரியர்கள் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். ‘வந்துட்டியா, சந்தோஷம், உட்காரு’ என்றால் போதும். போன வருடம் அப்படி வந்த ஒருவன் என் வகுப்பில் ஒரு மாதம் கடைசி பெஞ்சில், கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கணக்கைப் போர்டில் போடச் சொன்னேன். தப்பாகத்தான் போட்டான், சேர்ந்து திருத்தினோம். மறுநாள் இரண்டு பெஞ்ச் முன்னால் வந்திருந்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பெரிதாக நினைக்கிறேன். ரோல் நம்பரைச் சொல்லி எழுப்புகிற வகுப்பில் யாருக்கும் சந்தேகம் கேட்கத் தோன்றாது. இந்த வருடப் பட்டியல் நேற்றுத்தான் கைக்கு வந்தது. 62 பெயர்கள். அதில் நாலைந்தை எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை, பென்சிலில் கோடிட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வேன்.