டாக்ஸ்ஹுண்ட் சங்கம்: முதலில் தோன்றியது எங்கே?

டாக்ஸ்ஹுண்ட் நாய்களுக்கான உலகின் முதல் சங்கம் ஜெர்மனியில் தொடங்கப்பட்டது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அடுத்து வந்த பதில்களிலும் அதுவே திரும்பத் திரும்ப வருவதால் இதை எழுதுகிறேன்.

இனம் ஜெர்மனியுடையதுதான், அதில் ஐயமே இல்லை. வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்னும் விலங்கை வேட்டையாட அங்கே வளர்த்தெடுத்த நாய் இது. ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர், 'ஹுண்ட்' என்றால் நாய். ஆனால் சங்கத்தின் கதை வேறு. இங்கிலாந்தில் டாக்ஸ்ஹுண்ட் கிளப் 1881-இலேயே அமைந்துவிட்டது. ஜெர்மனியின் டாக்ஸ்ஹுண்ட் சங்கமான டாய்ச்சர் டெக்கல்கிளப் பிறந்தது 1888-இல், ஏழு ஆண்டுகள் கழித்து. விக்டோரியா அரசியே இந்த நாய்களை ஆசையாக வளர்த்த நாடு என்பதை நினைத்தால், இங்கிலாந்து முந்திக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

சரிபார்ப்பது எளிது. ஜெர்மன் சங்கத்தின் பதிவுப் பெயரிலேயே 1888 என்ற ஆண்டு இருக்கிறது; அதன் முத்திரையையோ வெளியீடுகளையோ பார்த்தால் போதும். ஆங்கிலேயச் சங்கம் தன் வரலாற்றுக் குறிப்பில் 1881 என்று தெளிவாகச் சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நண்பர் தம் பதிவில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டால் நன்றாக இருக்கும்.