வயலட்டின் அண்ணனும் நானும்

அமேசான் பிரைமில் 'ஆஸ் வீ சீ இட்' என்று ஒரு தொடர் இருக்கிறது. 2022 ஜனவரியில் வந்தது. எட்டே எபிசோட், ஒவ்வொன்றும் அரை மணி நேரச் சொச்சம். வந்த புதிதில் தனியாகப் பார்த்தேன், போன வாரம் தங்கச்சியோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். அந்த இடத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் கதை சொல்லியாக வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அபார்ட்மென்ட். ஜாக், ஹாரிசன், வயலட் மூன்று பேரும் ஒன்றாகத் தங்கியிருக்கிறார்கள். இருபதுகளில் இருப்பவர்கள், மூவருக்கும் ஆட்டிசம், அதாவது பேச்சு, பழக்கம், சத்தம் இதையெல்லாம் மூளை வேறு விதமாக எடுத்துக்கொள்கிற நிலை. கூடவே மாண்டி என்ற பெண், இவர்களுடைய உதவியாளர். முதல் எபிசோடிலேயே ஹாரிசன் தனியாக ஒரு காபிக் கடைக்கு நடந்து போகப் பார்க்கிறான். பக்கத்தில்தான் கடை. மாண்டி போனில் பேசிக்கொண்டே அவனை நடத்திக்கொண்டு போகிறாள். நடுவில் லாரிச் சத்தம், நாய் குரைப்பு, அவ்வளவுதான், அவனால் முடியவில்லை. நமக்கு அது தெரு. அவனுக்கு அது போர்க்களம். வசனமே தேவைப்படாமல் அந்தச் சத்தத்தை நம் காதுக்குள்ளும் ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா மிக்ஸியைப் போடுவதற்கு முன்னால் "மிக்ஸி போடப்போறேன்" என்று சத்தமாக அறிவித்துவிட்டு அஞ்சு எண்ணுவார். தங்கச்சி காதைப் பொத்திக்கொள்வதற்கான நேரம் அது. இருபது வருஷமாக நடக்கிறது. விருந்தாளிகள் முதல் தடவை கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

ஆமாம், என் தங்கச்சிக்கு ஆட்டிசம். 24 வயது.

இந்தத் தொடரில் எனக்கு முதலில் பிடித்தது, மூன்று பேராக நடித்தவர்களும் நிஜத்திலேயே ஆட்டிசம் உள்ளவர்கள் என்பது. ஜாக்காக வரும் ரிக் கிளாஸ்மேன் மேடைக் காமெடியன், தனக்கு ஆட்டிசம் இருப்பதே அவருக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. வயலட்டாக வருவது சூ ஆன் பியன், ஹாரிசனாக வருவது ஆல்பர்ட் ருடெக்கி. கை விரலை ஆட்டுவது, கண்ணை எங்கோ வைத்துக்கொள்வது என்று மனப்பாடம் செய்து ஒப்பித்து விருது வாங்குகிற நடிப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. இங்கே அந்த ஒப்பித்தல் இல்லை. காமெடியும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற காமெடி கிடையாது. ஜாக் மேலதிகாரியிடம் அவருடைய அறிவைப் பற்றித் தன் அபிப்பிராயத்தை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதில் என்ன தப்பு என்று புரியாமல் நிற்கிறான். அலுவலகத்தில் பாதிப் பேர் மனசுக்குள் வைத்திருக்கிற வசனம்தானே அது. சிரிப்பு வருகிறது, கூடவே அவன் அப்பா லூவுக்குப் புற்றுநோய் என்பதும் நினைவுக்கு வருகிறது. தான் போன பிறகு இவன் என்ன ஆவான் என்பதுதான் அவருடைய கவலை. ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் எங்கே கூடினாலும், தெரபி, ஸ்கூல் பேச்செல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள்.

சரி, வயலட்டுக்கு வருகிறேன். ஆர்பிஸ் என்கிற சாண்ட்விச் கடையில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஒரு காதலன் வேண்டும். எல்லோரையும் போல நார்மலாக இருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சி ஒரு காதலன், அவள் கணக்கு அப்படி. டேட்டிங் ஆப்பில் தேடுகிறாள். யாராவது கொஞ்சம் சிரித்துப் பேசினாலே போதும், மொத்தமாக நம்பிவிடுகிறாள். அப்பா அம்மா இல்லை, வான் என்கிற அண்ணன்தான் எல்லாம். அவன் தடுக்கிறான், கத்துகிறான், அவளும் திருப்பிக் கத்துகிறாள். அவன் பயம் பொய்யில்லை. அவளை ஏமாற்ற ஒருவனுக்குப் பத்து நிமிஷம் போதும். அவள் கேட்பதும் நியாயம்தான்.

நான் எழுந்து போனது இங்கேதான்.

ரெண்டு வருஷம் முன்னால் பெரியப்பா பையன் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். தங்கச்சி, மண்டபத்துக்கே கேட்கிற குரலில், "எனக்கு எப்போ கல்யாணம்?" என்றாள். எதிர் வரிசையில் யாரோ, "பாருடா, குழந்தைக்கு ஆசையை" என்றார்கள். சிரிப்பு. அவளுக்கு அப்போது 22. அம்மா தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் என் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஜாங்கிரி கேக்கல. கல்யாணம் கேட்டேன்."

பந்தியே சிரித்தது. நானும்தான்.

வானைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வந்தது, அப்புறம்தான் அந்த ஜாங்கிரி ஞாபகம் வந்தது. அவன் கத்தியாவது பதில் சொல்கிறான். நான் இனிப்பு வைத்து வாயை அடைத்தேன். அவனை வில்லனாகவும் காட்டாமல், தியாகி என்று மாலை போடாமலும் எழுதியிருக்கிறார்கள். தங்கையால் அவனுடைய சொந்த வாழ்க்கையில் எதெல்லாம் அடிபடுகிறது என்பதும் வருகிறது, அதற்காக அவன் எரிச்சல்படுவதும் வருகிறது. அந்த எரிச்சலை ஒத்துக்கொள்ளும் கதைகள் குறைவு. இந்தத் தொடருக்கு மூலக்கதை 2018இல் வந்த ஓர் இஸ்ரேலியத் தொடர். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டானா இடிசிஸின் தம்பிக்கு ஆட்டிசம். அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஜேசன் கேட்டிம்ஸ் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. வீட்டுக்குள் இருந்து எழுதியது என்பது வானின் காட்சிகளில் நன்றாகவே தெரிகிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பேச்சு வராதவர்கள், முழு நேரமும் ஆள் துணை தேவைப்படுகிறவர்கள் கதையின் மையத்தில் இல்லை. ஜாக் மாதிரி கம்ப்யூட்டர் மூளைக்காரன் பழைய அச்சு. மாண்டி போல ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ள எத்தனை குடும்பத்துக்கு வசதி இருக்கும்? லாஸ் ஏஞ்சல்ஸிலேயே கஷ்டம்தான் என்று நினைக்கிறேன், நம்ம ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இங்கே ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 18 வயது தாண்டினால் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான கமிட்டியிடம் விண்ணப்பித்து, அவர்களுக்காக முடிவெடுக்கிற கார்டியன் நியமனம் வாங்கலாம். அப்பா அதைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்திருக்கிறார். கையெழுத்துப் போடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவளுக்குப் பதிலாக எதற்கெல்லாம் நான் வேண்டாம் சொல்லப்போகிறேன் என்பதுதான் உறுத்துகிறது.

தங்கச்சிக்கு இங்கிலீஷ் யூடியூபில் வந்தது, என்னைவிட நல்ல உச்சரிப்பு. எட்டு எபிசோடையும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தாள். முடிந்ததும், "அந்த அண்ணன் எதுக்கு எப்பவும் கத்துறான்?" என்றாள். பயம் என்றேன். "பயம்னா காதைப் பொத்திக்கணும்" என்றாள். அப்புறம் ஒன்பதாவது எபிசோட் எங்கே என்று கேட்டாள். ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். அதிலிருந்து தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு கேட்கிறாள்: வயலட்டுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா, நிறுத்தினவங்க நம்பர் இருக்கா?