அந்த 17 பேரில் யாரும் தமிழில் பாடவில்லை

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ துண்டு சுற்றுகிறது. ‘லே மிசராப்ல்’ இசை நாடகத்தின் 10ஆம் ஆண்டு விழாக் கச்சேரியில் ஒருவர் தமிழில் ஒரு வரி பாடினாராம். கீழே வரிசையாகக் கைதட்டல், ‘புல்லரிக்குது’, அழுகிற பொம்மைகள்.

அது தவறு. 1995 அக்டோபர் 8 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்து, தொலைக்காட்சியிலும் வந்த கச்சேரி அது. முடிவில், பல நாடுகளில் நாயகன் ஜான் வல்ஜானாக நடித்த 17 பேர் மேடையேறி, ஆளுக்கொரு வரியை அவரவர் மொழியில் பாடினார்கள். பிரெஞ்சு உண்டு, ஜெர்மன் உண்டு. இந்திய மொழி எதுவும் இல்லை.

‘தமிழ்’ என்று காட்டப்படுவது ஜப்பானிய வரி. பாடுபவர் டகேஷி ககா. ஃபார்வர்டு ஆகி ஆகி ஒலி தேய்ந்த துண்டில், உயிரெழுத்தில் முடியும் அந்தச் சொற்கள் நம் காதுக்குப் பழகியவை போலவே விழுகின்றன. முதல் தடவை நானும் ஏமாந்தேன். ஹெட்போன் போட்டுக் கேட்டதும் சந்தேகம் போயிற்று.

அப்புறம், அந்த வீடியோவோடு சுற்றும் குறிப்பில் நாடகத்தின் கதைக்களம் 1789 பிரெஞ்சுப் புரட்சி என்று வேறு இருக்கிறது. அதுவும் சரியில்லை. மேடையில் தெருவை மறித்து இளைஞர்கள் சண்டையிடுவது 1832 ஜூன் மாதப் பாரிஸ் கிளர்ச்சியில். 1789 புரட்சியில் பாரிஸின் பாஸ்டில் சிறை விழுந்து 40 வருஷத்துக்கும் மேல் கழித்து.