தோற்ற கோபத்தில் பெட்டி வாங்காதீர்கள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவன், மாலிஃபோ ஆட ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது, வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றுவிட்டு, "அண்ணா, என் க்ரூவுல அடிக்கிற ஆள் பத்தல, பெருசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். இந்திராநகர் நண்பர் வீட்டில் பொம்மைகளை டப்பாவில் அடுக்கும்போது பேச ஆரம்பித்து, மெட்ரோவில் தொடர்ந்து, அல்சூரில் நான் இறங்கி கதவு மூடும்வரை பேசியும் முடியவில்லை. மிச்சம் இங்கே.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் விர்ட் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த மேசைப் போர் விளையாட்டு இது. 3 அடிக்கு 3 அடி மேசை, ஆளுக்கு ஏழெட்டு பொம்மை கொண்ட ஒரு க்ரூ, பகடை கிடையாது, அதற்குப் பதில் 54 சீட்டு கொண்ட கட்டிலிருந்து சீட்டைப் புரட்டுவோம். நான்காவது பதிப்பு வந்துவிட்டது, நாங்கள் இன்னும் 2019-இல் வந்த மூன்றாவதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம், கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆடுவது கில்ட் அணியில் பெர்டிட்டா ஒர்ட்டேகாவின் குடும்பம். க்ரூவின் கீவேர்டே, அதாவது ஆட்களை ஒன்றாக இணைக்கும் அடையாளச் சொல்லே, ஃபேமிலிதான். அண்ணன் தம்பி, பாட்டி, கையில் டைனமைட்டோடு திரியும் பாப்பா லோகோ என்று கல்யாண வீட்டில் சண்டை வந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கும்பல், எல்லார் கையிலும் துப்பாக்கி. (பாட்டி அபுவேலாவின் பாவாடைக்கு நான் கண்டாங்கிக் கட்டம் வரைந்தேன். ஒரு சென்டிமீட்டர் துணியில் கட்டம் போட மூன்று இரவு ஆனது, கண்ணாடி பவரும் ஏறிவிட்டது.) ஆரம்பத்தில் நானும் தொடர்ந்து தோற்றேன். தோற்றபோதெல்லாம் எதிரியின் பெரிய உருப்படி ஒன்று வந்து என் ஆட்களை மிதித்ததுதான் மனதில் நின்றது. உடனே நமக்கும் ஒரு மிதிக்கிற ஆள் வேண்டும் என்று பீஸ்கீப்பர் வாங்கினேன். கில்டின் பெரிய இரும்பு இயந்திரம், பார்க்க அவ்வளவு அழகு, ஷிப்பிங், சுங்கவரி எல்லாம் சேர்ந்து வந்த தொகையை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

அது ஃபேமிலி கீவேர்ட் இல்லை. நம் கீவேர்டும் இல்லாமல், அணியில் யாரும் எடுக்கக்கூடிய வெர்சடைலும் இல்லாமல் ஒரு மாடலை எடுத்தால், ஆள் எடுக்க மொத்தம் இருக்கும் 50 கல்லில் அதற்கு ஒரு கல் கூடுதலாக அழ வேண்டும். சரி, ஒரு கல்தானே என்று எடுத்தேன். முதல் ஆட்டத்திலேயே மேசை நடுவில் இரண்டு கட்டிடத்துக்கு இடைப்பட்ட சந்தில் போய் நின்றது. எதிரே ஆடிய கன்னட நண்பர் அதைத் தொடவே இல்லை. "அது அங்கேயே இருக்கட்டும் குரு" என்று சிரித்துக்கொண்டே சுற்றுவழியில் இரண்டு சில்லறை ஆட்களை ஓடவிட்டு, என் பக்கத்து எல்லையில் புள்ளிக்கான மார்க்கர் வில்லையைப் போட்டுவிட்டுப் போனார். நான் அவர் ஆட்களில் மூன்று பேரைக் கொன்றேன். ஆட்டம் 7-3, மூன்று எனக்கு.

தம்பிக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். இந்த விளையாட்டில் கொல்வதற்குத் தனியாகப் புள்ளி கிடையாது. மொத்தம் 8 புள்ளி, அதில் 4 ஸ்ட்ராட்டஜிக்கு (இருவருக்கும் பொதுவான இலக்கு), மீதி 4 நாம் ரகசியமாக எடுக்கும் இரண்டு ஸ்கீமுக்கு (தனி இலக்கு). மூலப் புத்தகத்தின் நான்கு ஸ்ட்ராட்டஜியில் ரெக்கனிங் ஒன்றுதான் நேரடியாகக் கொல்வதைப் பற்றியது, மற்ற மூன்றும் ஓர் இடத்துக்குப் போவது, நிற்பது, எதையாவது வைப்பது. மேசை 36 அங்குலம். சாதாரண மாடலுக்கு ஒரு டர்னில் இரண்டு செயல், 5 அங்குல நடை உள்ளவன் வேறு ஒன்றும் செய்யாமல் நடந்தாலே 10 அங்குலம்தான், ஆட்டமோ 5 டர்னில் முடிந்துவிடும். போதாக்குறைக்கு, எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் மாட்டிக்கொண்டவன் மார்க்கர் போட முடியாது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று கிண்டலாகச் சொல்வார்கள் இல்லையா, இங்கே ஜெயிப்பவன் அப்படியேதான் ஆடுகிறான்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. நான் மஞ்சள் கட்சி, அதனால் கொஞ்சம் குசும்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கெய்ல், கோலி, டி வில்லியர்ஸ் என்று பெரிய பெரிய மட்டையாக வைத்திருந்தும் ஆர்சிபி 2016 இறுதிப் போட்டியில் 8 ரன்னில் தோற்றது. 2009, 2011 இறுதிகளிலும் தோல்விதான். கடைசியில் 2025-இல் கோப்பை வந்தபோது இறுதிப் போட்டியின் ஆட்டநாயகன் யார்? 4 ஓவரில் 17 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்த குருணால் பாண்டியா. அவர் படம் போட்ட டி-ஷர்ட்டை யாராவது போட்டு நான் இன்னும் பார்க்கவில்லை.

நடையை விடுங்கள், யாருமே யோசிக்காத விஷயம் சீட்டுக் கை. டர்ன் தொடக்கத்தில் கையில் 6 சீட்டு. புரட்டிய சீட்டு பிடிக்கவில்லை என்றால் கையிலிருப்பதை அதன்மேல் போட்டு மாற்றலாம், விதியை ஏமாற்றுவது என்றே அதற்குப் பெயர் (கறுப்பு ஜோக்கர் புரண்டால் அதுவும் நடக்காது, தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்). கட்டில் ராம், டோம், மாஸ்க், க்ரோ என்று நான்கு இனம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 13 வரை, இரண்டு ஜோக்கர். 11-உம் அதற்கு மேலுமான நல்ல சீட்டு மொத்தம் 12, சிவப்பு ஜோக்கரைச் சேர்த்தால் 13. ஆறு சீட்டு எடுத்தால் அதில் நல்லது சராசரியாக ஒன்றரைகூட வராது. இப்போது பெரிய ஆட்களாக மூன்று பேரை வாங்கி நிறுத்தினால் மூன்று பேரும் அந்த ஒன்றரைச் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். அதிலும் இருவர் ஒரே இனச் சீட்டு கேட்கும் ட்ரிகர் (கூடுதல் விளைவு) வைத்திருந்தால் இன்னும் மோசம், 11-உம் அதற்கு மேலுமான மாஸ்க் கட்டிலேயே மூன்றுதான் இருக்கிறது, ஜோக்கரோடு நான்கு. மாடலின் விவரம் இருக்கும் கார்டில் பார்க்கும்போது இருவரும் புலி மாதிரி தெரிவார்கள், மேசையில் ஒருவன் புலி, இன்னொருவன் பட்டினி. தம்பியின் க்ரூவை வைத்துப் பார்த்தேன், ஏற்கெனவே அப்படி இரண்டு பேர். அவன் வாங்க நினைத்தது மூன்றாவது பட்டினியை.

அதனால் புதிதாக ஒரு மாடலைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதன் அடியின் எண்ணை அல்ல, அது தன் வேலையை 5, 6 மாதிரி சின்னச் சீட்டிலேயே முடித்துக்கொள்ளுமா என்பதைத்தான். கை க்ரூவின் தலைவரான மாஸ்டருக்கு, நடை இவனுக்கு என்று பிரிந்துவிட்டால் க்ரூ தானாக மூச்சு விடும். என் குடும்பத்தில் அந்த இடத்தை நிரப்பியது லாட்டிகோ பிஸ்டலேரோக்கள். கூலிக்குச் சுடும் ஆட்கள், செத்தாலும் மனசு பதறாது. அவர்கள் வந்த பிறகுதான் பெர்டிட்டா எவ்வளவு நல்ல மாஸ்டர் என்பதே எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று, இங்கே க்ரூ என்பது வீட்டில் கட்டிவைத்துக் கொண்டுபோகும் சமாச்சாரம் இல்லை. ஸ்ட்ராட்டஜி, ஸ்கீம் பட்டியல், எதிரியின் தலைவர் எல்லாம் தெரிந்த பிறகுதான் 50 கல்லுக்கு ஆள் எடுக்கிறோம். ஆகவே பெட்டி வாங்குவது என்பது பெஞ்சில் ஆள் சேர்ப்பதுதான். 'எந்த ஸ்ட்ராட்டஜி வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது' என்ற கேள்விக்கு விடை தெரியாதவர் கடைப் பக்கமே போக வேண்டாம். நான் ஒரு பழைய டைரியில் ஆட்டத்துக்கு இரண்டு வரி எழுதுகிறேன், எந்தப் புள்ளியை எந்த டர்னில் விட்டேன் என்று மட்டும். யார் யாரைக் கொன்றார் என்பதை எழுதுவதே இல்லை, அது எப்படியும் ஞாபகம் இருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆடிப் பாருங்கள். கார்டுகளை விர்ட் இலவசமாகவே தருகிறது, அதைப் படித்துவிட்டு, அதே அளவு அடித்தட்டில் ஒரு சோடா மூடியை ஒட்டி மூன்று ஆட்டம் ஆடினால் போதும். எங்கள் மேசையில் ஆறு மாதம் ஓடிய ஒரு சோடா மூடிக்குப் பெயரே வைத்துவிட்டோம். வெளியாட்களோடு ஆடும்போது முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை, அவ்வளவுதான். நமக்கு வேண்டியது ஒரு ஆள் என்றால் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் வருவார்கள், அதனால் எங்கள் குழுவில் பெட்டியைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஒட்டும் வேலைக்கான சின்னக் கட்டர், காந்தம், கைத்துளைப்பான் எல்லாம் பெங்களூரின் எஸ்பி ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும், வெளிநாட்டில் ஆர்டர் போட வேண்டாம். மழை மாதத்தில் பிரைமர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஈரத்தில் மாவு பூத்த மாதிரி ஆகிவிடும்.

அழகுக்காக வாங்கக் கூடாதா என்று ஒருவர் சண்டைக்கு வருவார், தெரியும். தாராளமாக வாங்குங்கள். ஆர்க்கனிஸ்ட் அணியில் சந்தீப் தேசாய் என்று ஒரு மாஸ்டர், அவரோடு பானாசுவா என்று ஒரு மாடல். நம் பாணாசுரன் ஞாபகம் வந்து அந்தப் பெட்டியையே ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு எந்த வேலைக்கும் தேவையில்லை, என்றாவது வாங்குவேன். ஆனால் அதற்கு 'க்ரூ பலப்படும்' என்று காரணம் சொல்ல மாட்டேன்.

தம்பி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு நேற்று இரவு மெசேஜ் அனுப்பியிருக்கிறான், "அண்ணா, உங்க பீஸ்கீப்பர குடுப்பீங்களா?" என்று. வலது கை இரண்டு முறை உடைந்து ஒட்டியது, பாதிதான் பெயிண்ட் அடித்திருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அவன் வேண்டாம் என்றால் பெங்களூரில் வேறு யாருக்காவது வேண்டுமா? பணம் வேண்டாம், இரண்டு பிஸ்டலேரோ கொடுத்தால் போதும்.